கன்னியாகுமரி அளவுகள்

2 டிசம்பர் 2019, திங்கள்

பதிப்பகத்திலிருந்து ஜமாலுதீன் பேசினார். புத்தகம் எல்லாம் சரிதானாம். பின்னிணைப்பில் முடிவுகள் மட்டும் இருக்கின்றன, பார்த்து எழுதிய மூல அளவுகளையும் சேர்த்தால்தான் குழு ஒப்புக்கொள்ளும் என்கிறார். ஜனவரி பத்துக்குள் வேண்டும். இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்காமலே, "நோட்டெல்லாம் அலமாரிலதான இருக்கு, நீயே டைப் பண்ணிக் குடுத்துரு" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் இந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் 'நீயே'.

புத்தகத்தின் பெயர் 'கையடக்கச் சூரியக் கடிகாரங்கள்'. எழுதியவர் பேராசிரியர் தாயுமானவன், இயற்பியல் துறை, ஓய்வு. அதிலுள்ள கணக்கு அத்தனையும் போட்டவள் குமுதவல்லி, எம்.எஸ்சி. கணிதம். முன்னுரையின் கடைசியில் 'உறுதுணையாக இருந்த என் துணைவியாருக்கு' என்று ஒரு வரி வருகிறது. பெயர் இல்லை. படிக்கிறவர்கள் நான் காப்பி போட்டுக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள். காப்பியும்தான் போட்டேன்.

கணக்குப் போடுகிற நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். அவர் எந்த நோட்டையும் பின்பக்கத்திலிருந்து திறப்பதில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

நாள் முழுக்க மழை. மாவு புளிக்கவில்லை. திருச்சியில் வெயில் இல்லாத நாளில் இவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. ஏதோ நான் மறைத்து வைத்த மாதிரி.

5 டிசம்பர், வியாழன்

அலமாரியைத் துடைத்தேன். அவருடைய சொத்துகள் மூன்று.

ஒன்று, தந்தத்தில் செய்த மடக்குப் பெட்டி. திறந்தால் இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு நூல் விறைத்து நிற்கும். கீழே காந்த ஊசி. ஊசி வடக்கைக் காட்ட வைத்தால் நூலின் நிழல் மணியைக் காட்டும். அழகு என்றால் அழகு, ஆனால் நூலின் சாய்வு ஜெர்மனியில் ஏதோ ஓர் ஊருக்கு ஏற்றபடி இருக்கிறது. இங்கே வைத்தால் உளறும். இரண்டாவது, கட்டைவிரல் பருமனில் ஒரு மர உருளை. தலையில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டின் நிழல் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அதுதான் மணி. இதற்கு முற்பகல், பிற்பகல் வித்தியாசம் தெரியாது. ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரே இடத்தில் நிழல் விழும். எது என்று நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அவர் உயிர். பித்தளை வளையம், உள்ளங்கை அகலம். தொண்ணூற்றொன்றில் நாகப்பட்டினத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர் பழைய பித்தளையோடு எடைக்குப் போட இருந்ததை வாங்கி வந்தார். வளையத்துக்குள் இன்னொரு வளையம், நடுவில் ஒரு பட்டை, பட்டையில் ஊசித்துளை. நிற்கிற ஊரின் அட்சரேகைக்கு மேல்பிடியை நகர்த்தி, அன்றைய தேதிக்குத் துளையை நகர்த்தி, கட்டைவிரலில் தொங்கவிட்டு மெதுவாகத் திருப்பினால் ஒளிப்பொட்டு உள்வளையத்தில் மணிக்கோட்டின் மேல் வந்து உட்காரும். காந்த ஊசியே வேண்டாம். முதுகுப்பக்கம் பாகைக்கோடுகள் உண்டு. அதில் ஒரு ஊசியைச் செருகினால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று படித்துக்கொள்ளலாம்.

சரியாக உச்சிப்பொழுதில் மட்டும் இது மணி காட்டாது, தன் நிழலே தன்மேல் விழுந்து மறைத்துக்கொள்ளும். அதனால் முற்பகலில் ஒரு உயரம், பிற்பகலில் அதே உயரம் திரும்ப வரும் நேரம், இரண்டையும் கைக்கடிகாரத்தில் குறித்து நடுவை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. அவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு "இப்போ" என்பார். நான் மணியை எழுதுவேன். தஞ்சாவூர், நாகூர், சிதம்பரம் என்று எல்லா ஊரிலும் எழுதியிருக்கிறேன். கன்னியாகுமரிக்கு மட்டும் போனதில்லை. பொங்கல் முடிந்ததும் பத்து நாள் தனியாகப் போவார். பதினோரு வருடமாகப் போகிறார். கடலோரக் காற்று உனக்கு ஆகாது என்பார். அங்கே லாட்ஜ் மேனேஜர் மணி எழுதிக் கொடுப்பாராம்.

9 டிசம்பர், திங்கள்

ஒன்பதாம் தேதி. பாயசம் வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். பால் மிஞ்சிவிட்டது என்றேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

எழுதுவதில் என்ன வந்துவிடப்போகிறது. திலகவதிக்கு இன்று முப்பத்தைந்து வயது. எங்கள் ஒரே மகள். இரண்டாயிரத்து எட்டு ஜூனில், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், துவாக்குடியில் லேத் வேலை பார்த்த சூசைராஜைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு சாதி, வேறு மதம். கிரகணத்தின்போது சாப்பிடலாம், ஜாதகம் பொய் என்று மேடைதோறும் பேசுகிற மனிதர் அன்று செம்பைத் தேடினார். குழாயடியில் தலைமுழுகினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் தலையிலும் ஊற்றினார். "இனிமே அவ பேரு இந்த வீட்டுல கேக்கக்கூடாது. போனோ கடுதாசியோ எதுவும் கெடையாது. எம்மேல சத்தியம்" என்றார். கேட்கவில்லை. பதினோரு வருடமாக இந்த வீட்டுச் சுவர்கள் அந்தப் பெயரைக் கேட்கவில்லை. பெங்களூர் பக்கம் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பெங்களூருக்கு எத்தனையோ பக்கங்கள்.

கணக்கில் கெட்டிக்காரி. ஏழு என்பதை ஒன்று மாதிரி எழுதி மதிப்பெண்ணை விடுவாள். ஏழுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போடு என்று நான்தான் பழக்கினேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பாயசம் நன்றாகத்தான் வந்திருந்தது.

12 டிசம்பர், வியாழன்

தட்டச்சு. தஞ்சாவூர் முடிந்தது. சிதம்பரம் முடிந்தது. ஒவ்வொரு அளவையும் சரிபார்த்தே ஏற்றுகிறேன். முறை சுலபம்தான். உச்சிப்பொழுதில் சூரியனின் உயரமும் அன்றைய தேதியும் தெரிந்தால் போதும், எந்த அட்சரேகையில் நின்று பார்த்தோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். தஞ்சாவூர் பத்தே முக்கால் பாகை, சிதம்பரம் பதினொன்றரைக்குக் கொஞ்சம் கீழே. கால் பாகைகூடப் பிசகவில்லை. கண் என்றால் அவருக்குத்தான் கண்.

கன்னியாகுமரி நோட்டை எடுத்தேன். இதுவரை இந்த நோட்டிலிருந்து மணி வித்தியாசத்தை மட்டும் அவரே படித்துச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். கையில் வாங்கியதில்லை. ஜனவரி பதினெட்டாம் தேதிக்கு அங்கே சூரியன் அறுபத்தொரு பாகைக்கு மேல் நிற்க வேண்டும். நோட்டில் ஐம்பத்தாறே முக்கால். அடுத்த நாளும் அப்படியே. அடுத்த வருடமும்.

வளையத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். மணி எழுதியிருப்பது இவர் கையெழுத்து இல்லை. லாட்ஜ் மேனேஜராக இருக்கும். நல்ல திருத்தமான எழுத்து. நோட்டை மூடிவிட்டு அரிசி களையப் போனேன். தண்ணீர் சில்லென்று இருந்தது.

14 டிசம்பர், சனி

வெயில் வந்தது. இவர் நூலகம் போன நேரத்தில் வளையத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பன்னிரண்டு பத்துக்கு உச்சி. ஐம்பத்தாறு பாகை. திருச்சிக்கு இன்று ஐம்பத்தாறுதான் வர வேண்டும். மூன்று தடவை பார்த்தேன்.

வளையத்தில் கோளாறு இல்லை.

16 டிசம்பர், திங்கள்

காப்பி கொடுக்கும்போது கேட்டேன்.

"என்னங்க, கன்னியாகுமரி அளவெல்லாம் நாலரை டிகிரி கொறயுது."

"எது?"

"உச்சி ஒசரம். பதினோரு வருஷமும்."

செய்தித்தாளை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "கடல் காத்துல்ல? வளையம் சாஞ்சிருக்கும்."

"பதினோரு வருஷமும் ஒரே பக்கமா, ஒரே அளவாவா சாயும்?"

"இப்ப என்ன அதுக்கு? நாலரையக் கூட்டிப் போட்டுரு. காத்தால திருத்தம்னு கீழ ஒரு குறிப்பு எழுதிட்டாப் போச்சு. யார் பாக்கப்போறா?"

காப்பியை முழுதும் குடிக்காமல் எழுந்து போனார்.

தொண்ணூற்றாறில் தஞ்சாவூரில் ஐம்பத்தாறே முக்கால் என்று அவர் சொன்னதை நான் ஐம்பத்தேழு என்று எழுதிவிட்டேன். கோயில் வாசலில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி, "பாத்தத எழுது, உன் இஷ்டத்துக்கு எழுதாத" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் பாகைக்கு அந்தக் கத்து. அந்த மனிதர் இன்று நாலரையைக் கூட்டிப் போடு என்கிறார்.

17 டிசம்பர், செவ்வாய்

நிலப்படத்தை விரித்தேன். உயரத்தைக் கொண்டு போட்டால் அட்சரேகை பன்னிரண்டே முக்கால் வருகிறது. முற்பகல் மணிக்கும் பிற்பகல் மணிக்கும் நடு எடுத்தால் பன்னிரண்டு இருபத்தொன்பது. அதிலிருந்து தீர்க்கரேகை. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஓர் ஊர்தான் இருக்கிறது. ஓசூர்.

கன்னியாகுமரியும் ஓசூரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகை. இரண்டு ஊரிலும் உச்சிப்பொழுது ஒரு நிமிட வித்தியாசத்தில் வந்துவிடும். மணியை மட்டும் வாங்கிக் கணக்குப் போட்டவளுக்கு எப்படித் தெரியும். ஊர்ப்பெயரைப் பொய்யாக எழுதும்போது அவருக்குக் கை கூசவில்லை. அளவைப் பொய்யாக எழுதத்தான் மனம் வரவில்லை. எங்கே நின்றாரோ அங்கே தெரிந்த சூரியனை அப்படியே எழுதி வைத்திருக்கிறார், மடையர்.

ஒரு பெண்ணாக இருக்கும். வேறென்ன. அறுபத்தைந்து வயதில் இந்தக் கூத்து. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அது தாங்கக்கூடியது, ஊரில் நடப்பதுதான்.

20 டிசம்பர், வெள்ளி

நோட்டை மறுபடி திறந்தேன். மணிகள் எழுதியிருக்கிற வரிசையில் பத்து நாற்பத்தேழு, இரண்டு பதினேழு, பத்து முப்பத்தேழு. ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் குறுக்கே ஒரு கோடு.

பன்னிரண்டாம் தேதியே பார்த்தேன். பார்க்கவில்லை என்று இருந்துகொண்டேன்.

என் மகளின் கையெழுத்து. பதினோரு ஜனவரியும் அவள் பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறாள்.

21 டிசம்பர், சனி

இரண்டு வேளையும் சமைத்தேன். அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

26 டிசம்பர், வியாழன்

சூரிய கிரகணம். திருச்சியில் வளையமாகத் தெரியும் என்று ஒரு வாரமாக ஊர் முழுக்க இதே பேச்சு. இவர் கல்லூரி மைதானத்துக்குப் போய்விட்டார். ஒன்பதரைக்குப் போன் செய்தார். "குமுதா, வெளிய வா, மரத்தடியில பாரு!" சின்னப் பிள்ளை மாதிரி குரல். வேப்பமரத்தின் கீழே தரை முழுக்க ஒளி வளையங்கள் ஆடின. மகளும் இப்போது எங்காவது நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் போன் செய்து சொல்லியிருப்பார். எனக்கு முன்பா, பின்பா?

அந்த ஒரு கேள்விக்காக நாளெல்லாம் எரிந்தேன்.

28 டிசம்பர், சனி

மணப்பாறை போனேன். சூசைராஜின் அம்மா ஆரோக்கியமேரி அங்கேதான் இருக்கிறாள் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். முக்கால் மணி நேர பஸ். சர்ச்சுக்குப் பின்னால் என்றதும் யாரோ வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

"வாங்க சம்பந்தியம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அதிர்ச்சியோ கோபமோ அவள் முகத்தில் இல்லை. "இப்பவாச்சும் மனசு எறங்குச்சே, சாமி! ஐயா வருசா வருசம் போயிப் பாத்துட்டுத்தான வாராக. நீங்கதான் ஒரே புடியா வரமாட்டேன்னு நிக்கிறீகன்னு சொல்லுவாக."

"அவரா சொன்னாரு?"

"பின்ன? எம்புட்டுக் கெஞ்சியும் கேக்க மாட்டேங்கிறீகன்னு கண்ணு கலங்குவாக பாவம்."

அந்த 'பாவம்' என்ற சொல் என் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. சர்ச் காலண்டர் தாளைக் கிழித்து விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஓசூர், தளி ரோடு. நான் போய் நிற்கிறவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

3 ஜனவரி 2020, வெள்ளி

விலாசம் கிடைத்து ஆறு நாள். போகவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான், பரணை ஒழித்தேன், முறுக்குக்கு அரிசி காயவைத்தேன். வேலை என்று ஒன்றைத் தேடித் தேடிச் செய்கிறேன்.

ஒன்று எழுதவேண்டும். குழாயடியில் என் தலையில் அவர் ஊற்றியது ஒரு செம்பு. அதற்கப்புறம் இரண்டு செம்பு நானே மொண்டு ஊற்றிக்கொண்டேன். என்னிடம்கூடச் சொல்லாமல் போனாளே என்று அத்தனை ஆத்திரம். அப்பாவிடம் சொல்லாதது சரி, என்னிடமுமா? அந்த ஆத்திரம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அதற்குள் சத்தியம் செய்திருந்தேன்.

10 ஜனவரி, வெள்ளி

பின்னிணைப்பை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஜமாலுதீன் பேசினார்.

"அம்மா, சார் புத்தகத்துல கன்னியாகுமரின்னு எழுதியிருக்காரு. நீங்க ஓசூர்னு அனுப்பியிருக்கீங்களே?"

"அளவெல்லாம் ஓசூர்ல எடுத்தது சார். நீங்களே வேணா கணக்குப் போட்டுப் பாருங்க."

"அப்ப புத்தகத்துல திருத்திரலாமா?"

"திருத்திருங்க. மணி எழுதினவங்க பேரு தா. திலகவதின்னும் போட்டுருங்க."

இவரிடம் சொல்லவில்லை. மதுரைக்குத் தங்கை வீட்டுக்குப் போகிறேன், பொங்கலுக்கு அங்கேதான் இருப்பேன் என்றேன். மறுபேச்சு இல்லை. "நானும் பதினாறாந்தேதி ராத்திரி கன்னியாகுமரி கெளம்பிருவேன், சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்" என்றார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

12 ஜனவரி, ஞாயிறு. ஓசூர்

நேற்று விடியற்காலை கிளம்பி சேலத்தில் பஸ் மாறி மதியம் வந்து சேர்ந்தேன். இங்கே வெயிலிலும் குளிர்கிறது. மாடி வீடு. மணி அடித்தேன்.

திறந்தவளுக்கு முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் இருக்காரு."

அடுத்த நொடி என் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினாள். அப்படியே சமையலறைக்குள் ஓடி அதைத் தரையில் கவிழ்த்தாள். சீப்பு, துண்டு, முறுக்கு, மாற்றுச்சேலை, மாத்திரை அட்டை. ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தாள். சேலை மடிப்பைப் பிரித்தாள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன? சொல்லுங்க, இது என்ன மாத்திரை?"

"பிரஷர் மாத்திரைடி. என்னடி தேடுற நீ?"

அதைக் கொண்டுபோய் எனக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அழுதாள். நான் வாசற்படியில் செருப்போடு நின்றேன்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. அவள் வீட்டுப் பக்கம் வந்தாலோ, ஒரு போன் செய்தாலோ, நான் பூச்சிமருந்தைக் குடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேனாம். ஒவ்வொரு ஜனவரியும் அப்பா வந்து சொல்வாராம். மருந்து பாட்டிலை வாங்கி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள், தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றுகூட ஒருமுறை சொன்னாராம். அதனால்தான் இவள் வரவில்லை. நான் சாகக்கூடாது என்று பதினோரு வருடம் வராமல் இருந்திருக்கிறாள்.

"நான் அப்படி ஒரு வார்த்தகூட சொல்லலடி. சத்தியமா சொல்லல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை. சின்ன வயதில் 'நீ' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். இப்போது 'நீங்க' என்கிறாள், வந்த விருந்தாளியைச் சொல்கிற மாதிரி.

குழந்தை இல்லை. இரண்டு முறை கலைந்துவிட்டதாம். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அப்பா கூட இருந்தாராம். அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன், என்ன சமைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் ஒன்றும் இல்லை.

15 ஜனவரி, புதன்

பொங்கல். மருமகன் கரும்பு வாங்கி வந்தார். "அத்தை, சர்க்கரை போதுமா?" என்று அவர்தான் என்னிடம் நாலு வார்த்தை பேசுகிறார். நல்ல மனிதர். திலகா எனக்குத் தட்டில் போட்டுக் கொடுக்கிறாள், கம்பளி எடுத்துக் கொடுக்கிறாள், மாத்திரையை வேளைக்கு ஒன்றாக எண்ணித் தருகிறாள்.

மாலையில் இவர் போன். மதுரையில் மழையா என்று கேட்டார். இல்லை என்றேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டாராம். "நாளைக்கு ராத்திரி கன்னியாகுமரிக்குக் கெளம்புறேன்" என்றார். பத்திரமாகப் போய்வாருங்கள் என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த திலகா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் அவள் என்னை நம்பினாள் என்று நினைக்கிறேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வரட்டும், வந்து அனுபவிக்கட்டும் என்று இருந்தது.

17 ஜனவரி, வெள்ளி

காலை ஏழரைக்கு மணி அடித்தது. நான்தான் திறந்தேன்.

தோளில் பை, கையில் வளையம் வைக்கிற மரப்பெட்டி, தலையில் மஃப்ளர். என்னைப் பார்த்ததும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ... மதுரைல..."

"நீங்க கன்னியாகுமரில."

வேறெதுவும் சொல்ல எனக்குத் தேவைப்படவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சூசைராஜ் நாசூக்காக வெளியே போய்விட்டார். திலகா சுவரில் சாய்ந்து நின்றாள். கடைசியில் அவராகவே ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல்.

"உன் தலையில தண்ணி ஊத்துனேன். ஆறே மாசத்துல என்னால முடியல, வந்து பாத்துட்டேன். அத எப்படி உங்கிட்ட வந்து சொல்றது? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? நீ சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன். அதுக்காக இவகிட்ட என்னைப் பூச்சிமருந்து குடிக்க வச்சீங்களா?"

"இவ அங்க வந்துட்டா எல்லாம் தெரிஞ்சிருமே. வராம இருக்கணுமே..." மேலே பேச முடியாமல் மஃப்ளரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதும் அழவில்லை.

நான் திலகாவைப் பார்த்தேன். இப்போது கத்துவாள், வெளியே போங்கள் என்பாள் என்று காத்திருந்தேன். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது.

அவள் போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்தாள். "பஸ்ல ஏதாவது சாப்டீங்களாப்பா?" என்றாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாரக் கேக்குற? இந்த மனுஷனையா? என்ன பண்ணியிருக்காருன்னு புரியுதாடி உனக்கு?"

"புரியுதும்மா." குரலை உயர்த்தவில்லை. "பொய்தான் சொன்னாரு. பதினோரு வருஷமும் பொய்தான். ஆனா வந்தாரு. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவருதான் கஞ்சி ஊட்டுனாரு. நீ மருந்தக் குடிச்சிருவன்னு இவரு சொன்னப்போ, எங்கம்மாவால வர முடியல, அவ அப்படி நொந்து போயிருக்கான்னு நெனச்சிக்குவேன். அதுலயே எனக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு. இப்ப நீ அப்படிச் சொல்லவே இல்லங்கிற. மணப்பாறைக்குப் போயி ரெண்டு நிமிஷத்துல விலாசம் வாங்கிட்டு வந்துட்டேங்கிற."

மூச்சு விட்டாள். எனக்கு 'நீ' திரும்பி வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அப்ப நீ ஏம்மா வரல?"

18 ஜனவரி, சனி

பதில் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் வரும் என்று நேற்றிரவு நோட்டைத் திறந்தேன். சத்தியம் என்று ஒரு வரி எழுதினேன். அவர்மேல் செய்த சத்தியத்தை மதித்தேனாம். பதினோரு வருடத்தில் அவருக்குத் தெரியாமல் நான் மீறிய சத்தியங்களின் பட்டியல் இரண்டு பக்கம் வரும். அந்த வரியை அடித்தேன்.

காலையில் திலகா இட்லி ஊற்றினாள். மூவரும் சாப்பிட்டோம். சட்னிக்குக் காரம் போதுமா என்று என்னிடமும் கேட்டாள்.

மணி பன்னிரண்டாகிறது. அப்பாவும் மகளும் வளையத்தோடு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார்கள். என்னவோ சொல்லி அவள் சிரிப்பது படிக்கட்டு வழியாகக் கேட்கிறது. நான் கீழே சமையலறையில் இருக்கிறேன். வெங்காயம் உரித்தாகிவிட்டது. பருப்பு வேகிறது. மேலே வா என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்று எழுதி, அதையும் அடித்துவிட்டேன். கூப்பிட்டால் போவேன். அடுப்பைக்கூட அணைக்காமல் போவேன்.